அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவு: தம்பியோடு எட்டு மாதம்

என் தம்பிக்கு வயது 19. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற ஆடி மாதம் தொடங்கி, எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் சென்று வருகிறேன். அவன் இன்னாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊரையும் மருத்துவமனையையும் குறிப்பிடவில்லை. ஆனாலும், பிள்ளையை எங்கே கூட்டிப் போவது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு அங்கே நடப்பதை உள்ளபடி எழுதினால் உதவும் என்று தோன்றியது.

அவனுக்கு இருந்தது மனச்சோர்வு என்று எங்களுக்குப் புரியவே நான்கு மாதம் பிடித்தது. மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் மனச்சோர்வு என்று நினைத்திருந்தோம். அவன் அழவில்லை, எரிந்து விழுந்தான். விடியும்வரை விழித்திருந்து பகலெல்லாம் தூங்கினான், உயிராக இருந்த கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டான், ஒரே பருவத்தில் மூன்று அரியர் வைத்தான். அப்பா அதைத் திமிர் என்றார், அம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார், நான் கைப்பேசியைக் குறை சொன்னேன். இளவயதினரிடம் இந்த நோய் சோகமாக அல்லாமல் எரிச்சலாகவே வெளிப்படுவது உண்டு என்பதையும், பெரும்பாலான நாட்களில் நாள் முழுவதும் இத்தகைய மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவில்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

அதற்கு முன்பே ஒரு கைப்பேசிச் செயலியில் பணம் கட்டி ஆலோசனை பெற்றிருந்தோம். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். மூன்றாவது முறை வேறொரு ஆலோசகர் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னதும் அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். பிறகு ஓர் இரவு பதினொரு மணிக்கு, வேறு வழி தெரியாமல் 14416 என்ற எண்ணுக்கு அழைத்தேன். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. கட்டணமில்லை. மறுமுனையில் பேசிய பெண் முதலில் கேட்டது தம்பி இப்போது எங்கே இருக்கிறான், தனியாகவா என்பதைத்தான். அவன் உறங்கும்வரை அருகிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை எந்தப் பிரிவுக்குச் சென்று எந்தச் சீட்டு வாங்க வேண்டும் என்பதுவரை நிதானமாக விளக்கினார்.

இனி புறநோயாளர் பிரிவு. முதல் நாள் அங்கே முதுநிலை படிக்கும் மருத்துவர் ஒருவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் விவரம் கேட்டு எழுதினார். முதலில் அவனிடம் தனியாகப் பேசினார், பிறகு, “அக்காவை உள்ளே கூப்பிடலாமா தம்பி?” என்று அவனிடமே அனுமதி கேட்டார். பதினெட்டு வயது நிறைந்தவனைப் பற்றிய செய்தியை அவனைக் கேட்காமல் வீட்டாரிடம் சொல்லாதது சரியான முறைதான் என்றாலும், எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவனிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகவே கேட்டார். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடுமே என்று அப்பா வெளியில் வந்து கோபப்பட்டார். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, அடக்கி வைத்திருப்பவனுக்குச் சொல்ல ஒரு வாசல்தான் திறக்கிறது என்று மருத்துவர் விளக்கியதோடு, வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கச் சொன்னார். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகளும் அங்கேயே இலவசமாக நடந்தன.

எழுதிக் கொடுத்த மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்றும், தேறிய பின்னும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும், தாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி, ஒரே வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார்கள்.

எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தவர் அங்கே பணியாற்றும் சமூகப் பணியாளர். அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து, “உனக்கு என்னடா குறை?” என்ற கேள்வியை வீட்டில் யாரும் இனிக் கேட்கக் கூடாது என்றார். அறிவுரைக்குப் பதிலாக நாளுக்கு ஒரு சிறு வேலையை அவனோடு சேர்ந்து செய்யுங்கள், அவன் வர மறுத்தால் மறுநாளும் கூப்பிடுங்கள் என்றார். மறுநாள் ஆறு மணிக்கு அப்பா ஸ்கூட்டர் சாவியோடு அவன் அறை வாசலில் நின்று, “பால் வாங்கப் போறேன், வர்றியா?” என்று மட்டும் கேட்டார். ஐந்து நாட்கள் பதில் இல்லை. ஆறாம் நாள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

குறைகளும் உண்டு. திறந்த கூடத்தில் உரத்த குரலில் பெயர் சொல்லி அழைப்பதைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். கல்லூரி நண்பனின் தாயார் எதிர் பெஞ்சில் அமர்ந்திருந்த அன்று தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். முதுநிலை மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் நான்காம் மாதம் புது முகம் வந்தது. ஆனால் செயலியைப் போலன்றி இங்கே எல்லாம் நோட்டில் எழுதப்பட்டிருந்ததால், அவர் படித்துவிட்டே பேசினார். உளவியலாளர் ஒருவரே இருப்பதால் பேச்சு வழிச் சிகிச்சைக்கு மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது. இருவர் செய்ய வேண்டிய வேலையை அவர் தனியாகச் செய்கிறார் என்பது பார்த்தாலே தெரியும்.

இப்போது இரண்டு அரியரை முடித்துவிட்டான். மட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை தானே பேருந்தில் போய் வருகிறான்.

முதன்முறை செல்பவர்கள் காலை ஏழரைக்கே சீட்டு வரிசைக்கு வந்துவிடுவது நல்லது. பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், வளாகத்து உணவகத்தில் ஒன்பதரைக்கெல்லாம் இட்லி தீர்ந்துவிடுகிறது.