பூச்சி எதிர்ப்பு மக்காச்சோள விதை: இரண்டு பருவம் விதைத்துப் பார்த்ததில்

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுக்களைச் சேர்த்து, கிளைபோசேட் களைக்கொல்லியையும் தாங்கும்படி உருவாக்கிய மக்காச்சோள விதையை, பக்கத்திலேயே சாதாரண வீரிய ஒட்டு விதையையும் போட்டு, இரண்டு பருவங்கள் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதல் பருவத்தில் தண்டுத் துளைப்பான் கடுமையாக இருந்தது. சாதாரணச் செடியின் குருத்தை விரித்தால் ஈர மரத்தூள் போன்ற எச்சம் கையில் ஒட்டியது. தண்டைப் பிளந்தால் உள்ளே புழு. புதிய விதையின் செடியிலோ இலையில் ஊசிமுனை அளவுக் கடித் தடங்களோடு சேதம் நின்றுவிட்டது. இலையோடு உள்ளே போகும் புரதம் புழுவின் குடற்சுவரைச் சிதைப்பதால், அது தீனியை நிறுத்திச் சில நாட்களில் மடிகிறது. பூச்சிமருந்து தெளிக்கும் வேலையே அந்தப் பருவத்தில் எனக்கு வரவில்லை.

இரண்டாம் பருவத்தில் துளைப்பான் அவ்வளவாக வரவில்லை; இரு பாத்திகளின் விளைச்சலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. விதைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்தான். விற்பனையாளர்கள் 'அதிக விளைச்சல்' என்று சொல்லும்போது இதைச் சொல்வதில்லை: இந்த மரபணு விளைச்சலைக் கூட்டுவதில்லை, புழு தின்னவிருந்ததைத்தான் காக்கிறது.

மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினால் இரண்டு நிறங்களில் விதைகள் தெரியும். நூற்றுக்கு 5 என்ற அளவில் கலந்திருப்பவை பூச்சி எதிர்ப்பு இல்லாத புகலிட விதைகள். விதையிலுள்ள புரதத்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற அந்துப்பூச்சி (புழு வளர்ந்து ஆவது) தன்னைப் போன்றதோடு மட்டுமே கூடாமல், புகலிடச் செடியில் வளர்ந்த பூச்சியோடு கூடி அத்திறன் நீர்த்துப்போகட்டும் என்பதே இதன் நோக்கம். கலவையாக இல்லாமல் புகலிடத்தைத் தனியாக விதைக்கச் சொல்லும் ரகங்களில் பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தண்டுத் துளைப்பானும், புவேர்ட்டோ ரிக்கோவில் படைப்புழுவும், அயோவாவில் வேர்ப்புழுவும் இவ்வகைப் புரதங்களுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றது பதிவாகியிருக்கிறது.

களைக்கொல்லி தாங்கும் பண்பு என்னை அவ்வளவாகக் கவரவில்லை. முதல் பருவத்தில் நிலம் துடைத்தாற்போல் இருந்தது. அடுத்ததில் அதே மருந்துக்கு வாடாத களைகள் ஓரங்களில் நின்றன, அவற்றைக் கையால் பிடுங்கினேன்.

ஒப்பந்தத்தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அறுவடையிலிருந்து விதை எடுத்து வைப்பதை அது தடுக்கிறது. மக்காச்சோளத்தில் ஒட்டுவிதையை எப்படியும் பருவந்தோறும் வாங்குவதால் இது பெரிதாக உறுத்தாது; அறுவடையிலிருந்தே அடுத்த விதையை எடுக்கக்கூடிய சோயா போன்ற பயிர்களில் உறுத்தும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் இந்தியானா உழவர் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது அப்படிப்பட்ட சோயா விதை வழக்கில்தான். தானியத்தை வாங்குபவர் இந்த ரகத்தை ஏற்பாரா என்பதையும் விதைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு விதை விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அறுவடைக்குப் பிறகு ஒரு கொள்முதலாளர் மூட்டைகளைத் திருப்பியனுப்பியபோதுதான் தெரிந்தது.

அடுத்த பருவத்தில், துளைப்பானின் இரண்டாம் தலைமுறை அதிகம் தாக்கும் பின்விதைப்பு நிலத்துக்கு மட்டும் இந்த விதை வாங்குவேன். முன்கூட்டி விதைக்கும் நிலத்துக்குச் சாதாரண ஒட்டுவிதை போதும்.