வெயில் கொளுத்துது, மாடியில் சோலார் இருக்கு, ஃபேன் மட்டும் ஓடலை

மன்னார்குடிப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட். அப்படி ஒரு நாளில்தான் சோலார் கடைக்காரர் தன் பழைய வாடிக்கையாளர் வீட்டைக் காட்ட எங்களை அழைத்துப் போனார். மாடியில் 3 கிலோவாட், வேலை பளிச்சென்று இருந்தது. கீழே இறங்கினால் கூடத்தில் அந்த வீட்டுப் பெரியம்மா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உச்சி வெயில். தலைக்கு மேலே அத்தனை பேனல். ஒரு ஃபேன் ஓடவில்லை.

"கரண்ட் வந்ததும் தானா ஓடும் மேடம்" என்றார் கடைக்காரர். முந்தின நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவிடம், "இதைப் போட்டுட்டா கரண்ட் கட்டுன்னா என்னன்னே மறந்துடும் ஐயா" என்று சொன்னவரும் இவர்தான். அப்பாவுக்கு இரவில் நெபுலைசர், அதாவது மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் கொடுக்கும் கருவி, வேண்டும். நாங்கள் சோலார் பக்கம் போனதே அதற்காக. எனக்கு வந்த கோபம் ஊருக்குத் திரும்பும் வரை அடங்கவில்லை.

அந்த வீட்டில் இருந்தது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட்டை மாற்றி ஈபி லைனோடு சேர்க்கும், பேட்டரி இல்லாத வகை. கரண்ட் போனதும் அது நின்றுவிடுவது பழுது அல்ல. அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஈபி லைனின் வோல்டேஜையும் ஃபிரீக்வென்சியையும் பார்த்துத்தான் அது தன் கரண்ட்டை லைனோடு சேர்க்கிறது. லைன் செத்தால் உடனே விலகிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கம்பம் நட்டவர்களைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். ஆக, இயந்திரத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. இதைச் சொல்லாமல் விற்றார்களே, அதுதான் குறை. அந்தப் பெரியம்மா பாவம், மகன் அனுப்பிய பணத்தில் போட்டிருக்கிறார்.

சரி, வேறு என்ன வழி என்று கடைக்காரரிடம் கேட்டேன். "உங்க வீட்டுல பழைய இன்வெர்ட்டர் இருக்குல்ல, அதோட அவுட்புட்ல சோலாரைக் கொடுத்துடலாம். அந்தக் கரண்ட்டை ஈபின்னு நெனச்சு இது ஓடிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2012 வாக்கில் விடிய விடிய கரண்ட் போன காலத்தில் வாங்கிய சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அது, ஒரு டியூபுலர் பேட்டரியோடு. அது கரண்ட் கொடுக்கத்தான் செய்தது, வாங்க அல்ல. மத்தியானம் சோலாரில் 2,500 வாட் வந்து, வீட்டில் இரண்டு ஃபேன் மட்டும் ஓடினால் மிச்சம் எங்கே போகும்? இன்வெர்ட்டர் எரியும், பேட்டரி கொதிக்கும். இப்படிச் சேர்ப்பதற்கென்றே செய்த இன்வெர்ட்டர்கள் உண்டு. மிச்சம் அதிகமானால் அவை ஃபிரீக்வென்சியைக் கூட்டி சோலாரை அடக்கும். அம்மா மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் அந்தப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

மறுநாள் "இது ஹைபிரிட்" என்று, பேட்டரியோடும் வேலை செய்யும் இன்னொரு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தார். கையேட்டைப் புரட்டினேன். முதலில் சோலார், அப்புறம் பேட்டரி, கடைசியில் ஈபி என்று மாறிக்கொள்ளும், பிசியூ என்ற வகைப் பெட்டி அது. வீட்டை ஓட்டும், பேட்டரியை நிரப்பும். ஆனால் ஒரு யூனிட்கூட வெளியே அனுப்பாது. பேட்டரி நிறைந்த பின் வரும் வெயில் வீண். லைனுக்கு அனுப்பியதை வாங்கியதில் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்தும் பயனில்லை. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும், 2024-இல் வந்த பிரதமர் சூரிய கர் திட்டம் லைனோடு இணைந்த சோலாருக்கு மட்டுமே என்பதால், 3 கிலோவாட்டுக்கு உரிய 78,000 ரூபாய் மானியமும் போய்விடும்.

நான் இருப்பது பிரிஸ்பேனில். ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது. 6.6 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர் என்பது எங்கள் தெருவில் சர்வசாதாரணம். 2025 மார்ச்சில் ஆல்ஃப்ரெட் புயல் வந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனபோது, பேட்டரி இல்லாத சோலார் அங்கேயும் சும்மாதான் கிடந்தது. ஆனால் நான் வாங்கிய விலைப்புள்ளியிலேயே "மின்தடையின்போது இயங்காது" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஆட்கள் இல்லாமலா, அறிவு இல்லாமலா? இரண்டும் நிறையவே இருக்கிறது.

அது தெரிந்தது ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம். அப்பாவின் நண்பர். டீ குடித்துக்கொண்டே, "ஏன் ஆயி, மெயினை அணைச்சா எது எது ஓடணும்னு மொதல்ல எழுது. இன்வெர்ட்டரை அப்புறம் பாப்போம்" என்றார். பிரிஸ்பேனில்கூட யாரும் என்னிடம் இப்படித் தொடங்கியதில்லை. நெபுலைசர், நான்கு ஃபேன், விளக்குகள், ஃப்ரிட்ஜ், வைஃபை ரௌட்டர் என்று எழுதினோம். போர் மோட்டாரைப் பட்டியலிலிருந்து அவரே அடித்துவிட்டார். ஒரு ஹெச்பி மோட்டார் என்றால் 746 வாட் என்று கணக்குப் போடுகிறோம், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஏற்றிக்கொண்டால் போதும் என்றார். ஏசியும் அப்படியே வெளியே.

எழுதிய பிறகு தேர்வு சுலபமாகிவிட்டது. லைனுக்கு யூனிட் அனுப்பும், கரண்ட் போனால் லைனை விட்டு விலகி பேக்கப் முனையில் மட்டும் கரண்ட் கொடுக்கும் ஹைபிரிட். அந்த முனைக்குத் தனி டிபி, அதாவது ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் உள்ள கரண்ட் பிரிக்கும் பெட்டி. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, அதாவது சுமார் 5 யூனிட். எங்கள் பட்டியல் ஒரு ராத்திரி ஓட அது போதும். விலை ஆன்-கிரிட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பேட்டரிக்கென்று தனி மானியமும் கிடையாது. அப்பாவின் மூச்சுக்கு முன்னால் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பில் குறைந்தால் போதும், கரண்ட் அதிகம் போகாத ஊர் என்றால் ஆன்-கிரிட்டே நல்ல தேர்வு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையேட்டில் இன்னும் சில பாருங்கள். பேக்கப் முனை எத்தனை வாட் தாங்கும்? 5 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றாலும் அந்த முனை குறைவாக இருக்கலாம். எத்தனை மில்லி செகண்டில் மாறும்? 20-க்குள் இருந்தால் ரௌட்டர் அணையாது. பேட்டரி முழுதும் தீர்ந்தபின், லைன் இல்லாமல் வெயிலை மட்டும் வைத்துத் திரும்பக் கிளம்புமா? கஜா மாதிரி இன்னொன்று வந்தால் கணக்கு இதுதான். லைன் கடைசி வீடு என்றால் மாலை நேர லோ வோல்டேஜ் தெரியும்தானே, எந்த வோல்டேஜ் வரை லைனோடு நிற்கும் என்றும் கேளுங்கள். சூட்டில் திறன் குறையும், அதனால் மாடித் தகரக் கொட்டகையில் மாட்ட விடாதீர்கள். எங்களுக்கு மாடிப்படிக்குக் கீழே நிழலில் மாட்டினார்கள்.

பணத்தில் கடைசித் தவணையை நிறுத்திவைத்தேன். வேலை முடிந்த அன்று லைன் இன்ஸ்பெக்டர் மாமாவே மெயினை அணைத்தார், ஃபேன் நிற்கவில்லை. அதன் பிறகுதான் கொடுத்தேன். பணம் அனுப்பி வெளிநாட்டிலிருந்தே முடிக்க நினைப்பவர்கள், வீடியோ அழைப்பில் அந்த மெயினை அணைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தை அனுப்புங்கள். மேகமில்லாத மத்தியானத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை.