புது ஃபோனில் கீறல்: பாலிஷ் பவுடர் முதல் யூவி கண்ணாடி வரை எது தேறும்?

வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது, திரையில் மெல்லிசாக ஒரு கோடு. சாவிக்கொத்துமீதும் சில்லறைமீதும்தான் பழி விழும். பாவம், அவை பெரும்பாலும் நிரபராதிகள். எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஃபோன் கண்ணாடி சுமார் 6; சாவியும் நாணயமும் அதற்குக் கீழே. மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. பையின் தையல் மடிப்பில் மாட்டிய ஒரே ஒரு மணல் துகள் போதும். சாவி செய்வது அந்தத் துகளைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்துவது மட்டும்தான். கீழே போட்டு எடுத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலும் இதே கதைதான்.

கீறலைப் போக்குவதாகச் சொல்லி விற்கும் சாமான்கள் ஏராளம். எதையும் வாங்குமுன் கீறல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

திரையை அணைத்துவிட்டு, முன்கேமரா துளையைச் சுற்றியும் ஓரங்களிலும் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். சின்னப் படிபோல் ஏதாவது தட்டினால், தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் ஃபிலிம் மேலே இருக்கிறது. கீறல் அதில்தான் இருக்கும். உரித்தால் வேலை முடிந்தது. மடக்கு ஃபோனின் உள்திரையில் மட்டும் அந்த ஃபிலிமை உரிக்கவே கூடாது. அதன் கீழே இருப்பது மயிரிழை அளவே கனமுள்ள கண்ணாடி.

படி எதுவும் தட்டவில்லையா? டார்ச்சைச் சாய்வாக அடித்துக்கொண்டு, கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் சிக்கினால் கீறல் ஆழம். சிக்காவிட்டால், ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விரல் நுனியால் எடுத்து அதன்மேல் வையுங்கள், காது ஸ்பீக்கரிலிருந்து தள்ளி. தண்ணீருக்கு அடியில் கோடு மங்குகிறதா? நல்ல செய்தி. கீறல் கண்ணில் படுவதே பள்ளத்துக்குள் காற்று இருப்பதால்தான். காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. கண்ணாடியின் எண்ணுக்கு நெருங்கிய எண் உள்ள ஏதாவது பள்ளத்தை நிரப்பினால் ஒளி சிதறாது, கோடும் தெரியாது. தேய்க்கும் சாமான்கள் தோற்று, நிரப்பும் சாமான்கள் ஜெயிப்பதற்குக் காரணம் இதுதான்.

டூத்பேஸ்ட், பேக்கிங் சோடா: குப்பை. பேஸ்டில் இருக்கும் தேய்ப்புப் பொருள் கண்ணாடியைக் குடையும் அளவுக்குக் கடினமில்லை. ஆனால் கைரேகை படியாமல் இருக்கப் பூசியிருக்கும் ஃப்ளோரின் பூச்சை வழித்தெடுத்துவிடும். அது சில நானோமீட்டர் கனம்தான். போன இடத்தில் தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவும், விரல் வழுக்காமல் இழுக்கும். கோடு அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஒரு மங்கல் திட்டு புதிதாகச் சேரும்.

சீரியம் ஆக்சைடு பாலிஷ் கிட் (கண்ணாடி தேய்க்கும் பவுடர்): இது நிஜமாகவே கண்ணாடியைத் தேய்க்கும், அதுதான் சிக்கலும். நகம் சிக்கும் கீறலை அழிக்க, சுற்றிலும் இருக்கும் கண்ணாடியை அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்தால் குழி விழுந்து லென்ஸ் மாதிரி ஆகி, எழுத்து நெளியும். ஃபோன் கண்ணாடியைச் சூடான உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி, சோடியம் அயனிகளுக்குப் பதிலாகப் பெரிய பொட்டாசியம் அயனிகளை ஏற்றித்தான் வலுவாக்குகிறார்கள். அந்த இறுகிய மேலடுக்கு சில பத்து மைக்ரான்தான். தேய்த்தால் கரைவது அதுவே. போதாக்குறைக்குத் தேய்க்கும் ஃபெல்ட் (கம்பளி) சக்கரத்தின் சூடு வேறு, தண்ணீரில் குழைத்த பவுடர் ஸ்பீக்கர் வலைக்குள் இறங்குவது வேறு. வாட்ச் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனுக்கு வேண்டாம்.

திரவ நானோ பூச்சு: காய்ந்தபின் மிஞ்சும் படலம் கீறலின் பள்ளத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. நிரப்பவும் நிரப்பாது, தடுக்கவும் தடுக்காது. பாட்டில் அழகாக இருக்கும்.

ஹைட்ரோஜெல் ஃபிலிம் (மெத்தென்ற பிளாஸ்டிக் படலம்) பரவாயில்லை ரகம். மெல்லிய கீறலை மறைக்கும், வளைந்த திரையிலும் படியும், ஆனால் நகம் அழுத்தினாலே தடம் விழும்.

சாதாரண டெம்பர்ட் கிளாஸ்தான் தட்டைத் திரைக்குச் சரியான வாங்கல். 0.33 மில்லிமீட்டர் கனம் போதும். அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 9எச் என்பது பென்சிலை வைத்து அளக்கும் கடினத்தன்மைக் குறியீடு. மோஸ் 9 என்று நினைத்து ஏமாற வேண்டாம், மணல் இதையும் கீறும். பார்க்க வேண்டியது பசை. முழுப்பரப்பிலும் பசை உள்ளதையே எடுங்கள். ஓரத்தில் மட்டும் பசை உள்ள வகையில் நடுவில் காற்று நிற்கும்; பழைய கோடு பளிச்சென்று தெரியும், தொடுதலும் சொதப்பும். ஒட்டும்போது வில்லன் தூசிதான். ஈரத்துணி, உலர்துணி, தூசி எடுக்கும் ஸ்டிக்கர் என்ற வரிசையில் துடைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு ஒட்டுங்கள். உள்ளே துகள் மாட்டினால் அந்த ஓரத்தை மட்டும் தூக்கி, செல்லோடேப்பால் துகளைத் தொட்டு எடுத்தால் போதும்.

யூவி பசைக் கண்ணாடி மறைப்பதில் முதலிடம். திரவப் பசை பள்ளத்துக்குள் இறங்கி, யூவி (புறஊதா) விளக்கில் இறுகிவிடுவதால் நடுத்தரக் கீறல்கூடக் காணாமல் போகும். வளைந்த திரைக்கும், திரைக்கடியில் அல்ட்ராசானிக் (ஒலியலையால் ரேகையைப் படிக்கும்) கைரேகை சென்சார் உள்ள ஃபோனுக்கும் இது ஒத்துவரும். ஒட்டியபின் விரலை மறுபடி பதிவு செய்ய மறக்காதீர்கள். ஆனால் கை நடுங்குபவருக்கு ஆகாது. ஃபோனை அணைத்து, மட்டமான மேசையில் வைத்து, ஸ்பீக்கர், மைக், பக்கவாட்டுப் பட்டன் இடுக்குகளை டேப்பால் அடைத்த பிறகே பசையை ஊற்ற வேண்டும். கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள்; பசை தானாகப் பரவட்டும், விரலால் அழுத்தித் தள்ளினால் ஓரத்தில் வழியும். வழிந்ததை விளக்கு காட்டுமுன் துடைத்துவிட வேண்டும், இறுகிவிட்டால் பட்டன் அசையாது. பின்னால் கழற்றுவதும் லேசில்லை.

நகம் நன்றாகவே சிக்கும் கீறலை எதுவும் முழுசாக மறைக்காது. தினமும் கண்ணை உறுத்தினால் டிஸ்ப்ளே மாற்றுவதுதான் வழி. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள திரை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: மேலே சாதாரணக் கண்ணாடி ஒட்டிய நிமிடமே அந்தச் சிறப்பு போய்விடும். மெல்லிய கோடு ஒன்றுக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டியைத் திறந்தபோதே இருந்த கீறல் என்றால், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்து, சீரியல் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் விற்றவரிடம் கேளுங்கள். பயன்பாட்டில் விழும் கீறல் பொதுவாக வாரன்டியில் வராது. ஒருமுறை தேய்த்துவிட்டால் அது யாருடைய கீறல் என்று நிரூபிக்கவும் முடியாது.