புறக்கணிப்பா, நோட்டாவா?

2021 ஏப்ரல் 6. காங்கிரஸ் எம்.பி. வசந்தகுமார் மறைவால் காலியான கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தலும் நடந்தது. சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் எதிர்ப்பை எப்படிக் காட்டுவது?

தேர்தல் புறக்கணிப்பு ஊர் கூடி எடுக்கும் முடிவு. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏறினால் அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். அதன் பலமெல்லாம் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில்தான். எண்ணிக்கையன்று அந்தக் கோபத்துக்குக் கணக்கே கிடையாது. வராதவர் போராடினாரா, நோயில் கிடந்தாரா, தூத்தூர் மீனவர்களைப்போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தாரா என்று எந்தப் படிவமும் சொல்லாது.

நோட்டா, அதாவது ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வாக்கு, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. பட்டியலின் கடைசிப் பொத்தான். அழுத்தினால் ஒப்புகைச் சீட்டு ஏழு நொடி கண்ணெதிரே நிற்கும். அந்த எதிர்ப்பு எண்ணப்படும், பதிவேட்டில் நிற்கும். ஆனால் நோட்டா முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே எம்.பி. ஆவார், இது பெருங்குறைதான்.

ஆனாலும் என் தேர்வு நோட்டாவே. அன்று சாவடியில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. சட்டமன்றத்துக்கு விரும்பியவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டெல்லிக்கு மட்டும் மறுப்பைச் சொல்ல முடிந்தது. வீட்டிலேயே இருந்தவருக்கு இரண்டும் போயின.