‘படத்துக்கு நடுவே விளம்பரமே வராது’ என்று சொல்லிச் சந்தா விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கும்பகோணத்தில் தனியே வசிக்கும் என் பெற்றோரிடம், திரைப்படங்களின் நடுவே விளம்பரமே வராது என்று வாக்குக் கொடுத்து, ஒரு டி.டி.எச். நிறுவனத்தின் முகவர் சென்ற நவம்பர் மாத இறுதியில் எச்.டி. பெட்டியையும் ஓராண்டுச் சந்தாவையும் 7,000 ரூபாய்க்கு விற்றுச் சென்றார். அந்த வாக்கை நிறைவேற்ற அவராலோ அவருடைய நிறுவனத்தாலோ ஒருபோதும் முடியாது என்பது பணம் கைமாறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதே பேச்சோடு இப்போது எங்கள் தெருவின் மற்ற வீடுகளுக்கும் ஆட்கள் வருவதாக அம்மா சொன்னதால், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 78. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டதால் அவர் திரையரங்கின் படியேறி ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே, பண்டிகை நாள்களில் ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக’ என்ற அறிவிப்போடு வரும் புதுப் படம்தான் அவருக்குத் திரையரங்கு. அந்தப் படத்தை ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே எதிர்பார்த்திருப்பார். அன்று அம்மாவும் சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவார். நீரிழிவு நோய் இருப்பதால் அப்பா ஒரு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், அதன் பிறகு சற்று நேரம் படுக்கவும் வேண்டும். சென்ற தீபாவளியன்று காலை 11 மணிக்குத் தொடங்கிய படம் மூன்று மணியைக் கடந்தும் முடியவில்லை. இறுதிக் காட்சிக்குச் சற்று முன்பு வந்த நீண்ட இடைவேளையில் அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ‘முடிவு என்னவென்று நீயே சொல்லிவிடு’ என்று அன்று மாலை தொலைபேசியில் என்னிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இந்த மனக்குறையைத்தான் அந்த முகவர் பிடித்துக்கொண்டார். பழைய பெட்டியில் ஏதோ கோளாறு என்று அழைத்தபோது வந்தவர், அதைச் சரிசெய்துகொண்டே பேச்சுக் கொடுத்திருக்கிறார். விளம்பரத் தொல்லையைப் பற்றி அப்பா சொன்னதும், “ஐயா, நீங்க சாதாரண பேக்கேஜ் வச்சிருக்கீங்க, அதனாலதான் இவ்வளவு விளம்பரம் வருது. எச்.டி.க்கு மாறிட்டீங்கன்னா படத்துக்கு நடுவுல விளம்பரமே வராது” என்றாராம். “நிச்சயமாகவா தம்பி?” என்று அப்பா இரண்டு முறை கேட்டிருக்கிறார். “ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டிடுங்க ஐயா, என்ன பிரச்சினைன்னாலும் என்னைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கு 1,600 ரூபாய், மாதம் 450 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 5,400 ரூபாய் என்று பெற்றுக்கொண்டார். ரசீதில் ‘எச்.டி. ஆண்டுத் தொகுப்பு’ என்ற சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. விளம்பரம் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. வாழ்நாள் முழுவதும் மாணவர்களின் எழுத்தை வரி விடாமல் படித்துத் திருத்திய என் தந்தை, வீட்டுக்கு வந்தவரின் சொல்லை நம்பி, அந்த ரசீதைப் படிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அன்றைய சிறப்புத் திரைப்படத்தைப் புதிய பெட்டியில், அதற்குரிய எச்.டி. அலைவரிசையிலேயே பார்க்க உட்கார்ந்தோம். படம் தெளிவாகத் தெரிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பதினைந்தாவது நிமிடத்திலேயே முதல் இடைவேளை வந்தது. அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தம் குறிப்பேட்டை எடுத்துவந்து, ஒவ்வோர் இடைவேளையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொன்னேன்.

படம் 11 மணிக்குத் தொடங்கி 3 மணி 10 நிமிடத்துக்கு முடிந்தது, அதாவது 250 நிமிடங்கள். தொடக்கத்தில் காட்டப்பட்ட தணிக்கைச் சான்றிதழின்படி படத்தின் நீளம் 154 நிமிடங்கள். ஆனால் இரண்டு பாடல்களை வெட்டியிருந்தார்கள்; உண்மையில் ஓடிய படம் 146 நிமிடங்கள்தான். எஞ்சிய 104 நிமிடங்களை 11 இடைவேளைகள் எடுத்துக்கொண்டன. படத்தின் கடைசி அரைமணி நேரத்துக்குள் மட்டும் நான்கு இடைவேளைகள் வந்தன. ஒருமுறை வெறும் நான்கு நிமிடம் படம் காட்டிவிட்டு, ‘சிறிய இடைவேளைக்குப் பிறகு’ என்று சொல்லி, 12 நிமிடங்களுக்கு விளம்பரம் போட்டார்கள். படம் ஓடிய நேரத்திலும் நிம்மதி இல்லை. திரையைச் சுருக்கி, இடப்புறத்திலும் அடிப்புறத்திலும் நகைக்கடையின் பெயரை ஓட்டினார்கள். தாயும் மகனும் மெல்லிய குரலில் பேசும் காட்சியைக் கேட்பதற்காக அம்மா ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியில் துணிக்கடை விளம்பரத்தின் கொட்டுமேளம் வீட்டையே அதிரவைத்தது. ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்கவே முடியவில்லை.

இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்திராத செய்தி ஒன்று உண்டு. எனக்கும் அன்று இரவுதான் தெரிந்தது. இவ்வளவு விளம்பரம் போடுவதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகளில் ஏழாவது விதி விளம்பர நெறிகளைக் கூறுகிறது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டிலும் வணிக விளம்பரம் 10 நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும். மீதி 2 நிமிடங்கள் அலைவரிசை தன் சொந்த நிகழ்ச்சிகளை அறிவித்துக்கொள்வதற்கு. விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்றும், திரையின் அடிப்பகுதியில் எழுத்துகளை ஓட்டி நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இந்தக் கணக்கின்படி, நாங்கள் அமர்ந்திருந்த 250 நிமிடங்களில் 50 நிமிடங்கள் மட்டுமே விளம்பரத்துக்கு உரியவை. எங்கள் குறிப்பேட்டில் உள்ளதோ 104.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இலும் 2013இலும் இந்த 12 நிமிட வரம்பைத் தன் ஒழுங்குமுறைகளாகவே வெளியிட்டது. முதலில் வந்த 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், இரண்டு இடைவேளைகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிடங்களும், திரைப்படமாயின் 30 நிமிடங்களும் நிகழ்ச்சி ஓட வேண்டும் என்ற நல்ல ஏற்பாடும் இருந்தது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். பார்வையாளரின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் பெரிய இழப்பு என்பேன், ஏனென்றால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கதையை அறுப்பதைத் தடுக்கக்கூடிய ஒரே வரி அதுவாகவே இருந்தது. எஞ்சிய 12 நிமிட வரம்பை எதிர்த்தும் ஒளிபரப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று டிராய்க்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நம் நாட்டில் விளம்பர நேரம் பத்து வினாடி அளவுகளில் விற்கப்படுகிறது. பண்டிகை நாளில் புதுப் படத்தின் நடுவே கிடைக்கும் ஒவ்வொரு பத்து வினாடிக்கும் கடைக்காரர்கள் போட்டியிடும்போது, கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை அப்பாவின் குறிப்பேடே காட்டுகிறது.

இனி, முகவர் சொன்னது ஏன் பொய் என்பதற்கு வருகிறேன். விளம்பரங்கள் அலைவரிசை நிறுவனத்திலேயே நிகழ்ச்சியோடு சேர்க்கப்பட்டு, ஒரே ஒளிபரப்பாகத்தான் செயற்கைக்கோளுக்குப் போகின்றன. அந்த ஒளிபரப்பை வாங்கி நம் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவருவது மட்டுமே டி.டி.எச். நிறுவனத்தின் அல்லது கேபிள்காரரின் வேலை. நடுவிலிருக்கும் விளம்பரத்தை அவர்கள் எடுத்துவிட முடியாது. சாதாரண அலைவரிசைக்கும் எச்.டி. அலைவரிசைக்கும் படத்தின் துல்லியத்திலும் விலையிலும் வேறுபாடு உண்டு, ஆனால் எச்.டி. என்பதால் விளம்பரம் வராது என்று எங்கும் உறுதி இல்லை. கட்டண அலைவரிசை என்பதற்கும் விளம்பரமற்ற அலைவரிசை என்று பொருள் இல்லை. மாதந்தோறும் நம்மிடமும் பணம் வாங்குகிறார்கள், விளம்பரதாரரிடமும் பணம் வாங்குகிறார்கள். இது நியாயமா என்று அப்பா கேட்டார். சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை.

விளம்பரமில்லாத சேவை என்று ஒன்று இருக்கவே இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டி.டி.எச். நிறுவனங்கள் தாமே நடத்தும் சிறப்புச் சேவைகள் சிலவற்றில் பழைய திரைப்படங்களையோ பாடல்களையோ விளம்பரமின்றித் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அவை அந்த நிறுவனங்களின் சொந்தச் சேவைகள். பொங்கலன்று புதுப் படம் போடும் அலைவரிசைகளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் முதியவர்களிடம் விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு விற்ற தொகுப்பில் அந்தச் சேவைகூட இல்லை.

மறுநாள் முகவரை அழைத்தோம், அவர் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசியவர், விளம்பரத்துக்கு அலைவரிசையே பொறுப்பு என்றும், முகவர் வாய்மொழியாகச் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பாக முடியாது என்றும் சொன்னார். முதற்பாதி சரியே. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை: நிறுவனத்தின் சட்டை அணிந்து, நிறுவனத்தின் ரசீதில் பணம் வாங்கியவரின் சொல், வாங்கும்போது மட்டும் நிறுவனத்தின் சொல்லாகவும் கேட்கும்போது தனிமனிதரின் சொல்லாகவும் மாற முடியாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்து, ரசீதின் படத்தையும் அப்பா எழுதிக்கொடுத்த விவரத்தையும் சேர்த்துப் புகாரைப் பதிவுசெய்தேன். அதன் பிறகுதான் நிறுவனத்திலிருந்து பொறுப்பான ஒருவர் பேசினார். பிப்ரவரி இறுதியில் தொகுப்பை ரத்துசெய்து, பயன்படுத்திய மூன்று மாதங்களுக்கு 1,350 ரூபாயைக் கழித்துக்கொண்டு 4,050 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அந்த 1,600 ரூபாய் போனது போனதுதான்.

ஆகவே, உங்கள் வீட்டுக்கோ உங்கள் பெற்றோரின் வீட்டுக்கோ இப்படி யாராவது வந்தால், ‘இன்ன அலைவரிசையில் விளம்பரம் வராது’ என்ற வாக்கியத்தை அலைவரிசையின் பெயரோடு ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் சென்ற வாரம் அப்படிக் கேட்டாராம். வந்தவர் மேலாளரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர்தான், திரும்பவில்லை. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் முதல் மாதமே ஓராண்டுக்குக் கட்டாதீர்கள். ஒரு மாதம் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் உரிய விலை பெட்டியின் நிகழ்ச்சிப் பட்டியலிலேயே தெரியும். தொகுப்பாக அல்லாமல் வேண்டியதை மட்டும் தனித்தனியே கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரிடம் இதைத் தொலைபேசியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். என்னைப் போல் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம்.

விளம்பர நேரம் பற்றி அந்த அலைவரிசைக்கும் தனியே புகார் அனுப்பியிருக்கிறோம். 2021 ஜூன் மாதத் திருத்த விதிகளின்படி, பார்வையாளரின் புகார் கிடைத்ததை அலைவரிசை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு ஒப்புகை நான்காம் நாளும், ‘எல்லா விதிகளையும் பின்பற்றுகிறோம்’ என்ற ஒற்றை வரிப் பதில் இருபத்திரண்டாம் நாளும் வந்தன. 104 நிமிடங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்பா தம் குறிப்பேட்டின் அந்த மூன்று பக்கங்களையும் படியெடுத்து, நிமிடக் கணக்கைத் தம் கையாலேயே கூட்டி எழுதி, மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்பியிருக்கிறார். பதில் வந்ததும் இந்தப் பதிவின் கீழே சேர்க்கிறேன்.