மருந்தாளுநர் உதவியாளர் படிப்பு: ஆறு வருடம் மெடிக்கலில் நின்ற பிறகு

2018-ல் கிருஷ்ணகிரியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மருந்தாளுநர் உதவியாளர் டிப்ளமோ சேர்ந்தேன். ஒரு வருடப் படிப்பு. முடித்ததிலிருந்து டவுனிலேயே ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். எங்கள் காவேரிப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கோர்ஸைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பாதி சொல்லி பாதி விட்டுப்போகிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பை முடித்தால் நீங்கள் மருந்தாளுநர் ஆக முடியாது. 1948-ஆம் வருட ஃபார்மசி சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான். பதிவு பெற குறைந்தது டி.பார்ம் என்ற ஃபார்மசி டிப்ளமோ வேண்டும். நம் சான்றிதழை வைத்து அவருக்குக் கீழே, அவர் பார்வையில் வேலை செய்யலாம். சொந்தக் கடை வைக்கவும் தடையில்லை, ஆனால் பதிவு பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால்தான் லைசென்ஸ் கிடைக்கும்.

இது எனக்குச் சேரும்போது தெரியாது. அட்மிஷன் போட்டவர் "ஒரே வருஷம்மா, முடிச்சிட்டு சொந்தமா மெடிக்கல் போட்டுக்கலாம்" என்றார். அப்பா மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலைக்குப் போகிறவர். அந்த வார்த்தையை நம்பி எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் பேசிவிட்டு வந்தார். ஏழாவது மாதம் சட்டப் பாடம் நடத்தும்போதுதான் எங்கள் மேடம் உண்மையைச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு ரூம்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. படிப்பின் மேல் இல்லை, அப்படிச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் மேல்.

படிப்பு நல்ல படிப்பு. அதற்கு முழுக் காரணம் அந்த மேடம்தான். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பை நிறையப் பழைய சீட்டுகளைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துப் படிக்கச் சொல்வார். ஓடி என்றால் ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, எச்எஸ் படுக்கும்போது, எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். மருந்துப் பெயர்தான் வராது. "மெட்" என்று ஆரம்பித்து மீதி கோடாக இழுத்திருக்கும். அது சர்க்கரைக்கான மெட்ஃபார்மினா, வயிற்றுப்போக்குக்கான மெட்ரோனிடசோலா? நாங்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்வோம். மேடம் எல்லாருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு, "புரியலைன்னா டாக்டருக்குப் போன் போடணும். ஊகிக்கிறதுக்கு நமக்கு உரிமை கிடையாது" என்பார்.

அட்டை வெட்டுவதைக்கூட அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பத்து மாத்திரை அட்டையில் நாலு வேண்டுமென்றால் கத்திரியை எந்தப் பக்கம் வைப்பது? பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரி தேதியும் அச்சடித்த ஓரத்தை விட்டு, எதிர் ஓரத்திலிருந்து வெட்ட வேண்டும். தேதியுள்ள துண்டு கடைசிவரை கடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீதி ஆறு மாத்திரை எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. வாங்கிப் போகிறவருக்குக் கவரின் மேல் பெயர், வேளை, தேதி மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எங்கள் கடை டிராயரில் தேதி இல்லாத துண்டுகள் இரண்டு கைப்பிடி கிடந்தன. எல்லாவற்றையும் தனியாக எடுத்துக் கழிக்க வைத்தேன்.

குறை என்றால் இரண்டு. பில் போடும் சாஃப்ட்வேரை ஒரே ஒரு நாள்தான் காட்டினார்கள். கடையில் வேலையில் பாதி அதில்தான். ஸ்டாக் ஏற்றுவது, ஏஜென்சிக்கு ஆர்டர் அனுப்புவது, எக்ஸ்பயரி நெருங்கியதை ரிட்டர்ன் போடுவது எல்லாம் கடைக்குப் போய்த்தான் கற்றேன். இன்னொன்று, வகுப்பில் மூலப்பெயர் சொல்லித் தந்தார்கள், கடையில் எல்லாரும் பிராண்டு பெயர் கேட்பார்கள். பாராசிட்டமால் தெரியும், அது எத்தனை கம்பெனிப் பெயரில் எந்தெந்த ரேக்கில் இருக்கிறது என்று தெரியாது. தமிழ் மீடியம் படித்த எனக்கு அந்த முதல் இரண்டு மாதம் அழுகையே வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பிராண்டு ஒரு பக்கம், மூலப்பெயர் ஒரு பக்கம் என்று தமிழிலேயே எழுதி மனப்பாடம் செய்தேன். இப்போது யாராவது "இந்தப் பெயர்ல இல்லையா?" என்று கேட்டால், அதே மருந்து வேறு எந்தப் பெயரில் இருக்கிறது என்று மனதிலேயே ஓடும். ஆனால் மாற்றிக் கொடுப்பதற்கு மருந்தாளுநரைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன்.

ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும். பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, தாத்தாவுக்கு இன்சுலின் வாங்க வந்தார். ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தேன். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி அது. "ஊசியும் குடு கண்ணு" என்றார். கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து பத்து ஊசி எண்ணி வைத்தேன். எங்கள் மருந்தாளுநர் அண்ணா பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நான் வைத்தது ஆரஞ்சு மூடி, 100 யூனிட் ஊசி. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசிதான் போட வேண்டும். ஆரஞ்சு ஊசியில் இருபது கோடு வரை இழுத்திருந்தால் தாத்தா உடம்பில் ஏறுவது எட்டு யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், யாருக்கும் காரணம் புரியாது. இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு ஊசியில் இழுத்தால் இருபதுக்குப் பதில் ஐம்பது யூனிட். அந்த ராத்திரியே ஆள் மயங்கிவிடுவார்.

அண்ணா என்னைத் திட்டவில்லை. பாட்டியை உட்கார வைத்து, இரண்டு ஊசியையும் காட்டி, "செவப்பு மூடி, இந்தக் குப்பி. ஞாபகம் வச்சுக்கங்க" என்றார். வகுப்பில் இதைப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அவசரத்தில் கை முந்திக்கொண்டது. மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வராத கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் நான் சேர்ந்திருந்தால் அந்தப் பாட்டி ஆரஞ்சு ஊசியோடு பஸ் ஏறியிருப்பார்.

நம் மாவட்டத்துக்கென்றே சில விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கே தமிழ் மட்டும் போதாது. தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் தினமும் வருவார்கள். தளி பக்கத்து ஆட்களுக்குக் கன்னடத்தில் "ஊட்டா ஆத மேலே" என்று சொன்னால் முகம் தெளியும், "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன்.

அப்புறம் மூட்டு வலி. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களின் எலும்புக்கு அது என்ன செய்ய முடியும்? முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "கால் வலிக்கு ஒரு செட்டு குடு" என்பார்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் கிட்னி கெடும், வயிறு புண்ணாகும். ஏற்கெனவே பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும். ஆனால் போகும் முன் அரசு மருத்துவமனையில் போய்க் காட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் பற்றிச் சொல்வேன். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனாலும் வீட்டுக்கே மாத்திரை வரும் என்பது தெரியாதவர்களை இன்னும் பார்க்கிறேன்.

எச்1 பதிவேடு பற்றியும் சொல்ல வேண்டும். எச்1 என்பது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் அரசுப் பட்டியல். செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாட்டிக், அல்பிரசோலம் மாதிரி மாத்திரை கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், முகவரி, எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுத வேண்டும். அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இந்த விதி. எங்கள் கடையில் அந்த நோட்டை எழுதுவது என் வேலை.

சம்பளம் 6,500-ல் ஆரம்பித்தது, இப்போது 14,000. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டரை வரை, மதியம் இரண்டு மணி நேரம் இடைவெளி. நாள் முழுக்க நிற்க வேண்டும், குதிகால் வலி நிச்சயம்.

இப்போது யார் சேரலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியல் அல்லது கணக்கு எடுத்திருந்தால் இந்தக் கோர்ஸ் வேண்டாம். நேராக டி.பார்ம் போங்கள். இரண்டு வருடம், அதற்குப் பிறகு 500 மணி நேரப் பயிற்சி. முடித்தால் பதிவுக்கு வழி திறக்கும், பதிவானதும் அரசு மருந்தாளுநர் வேலைக்கு எழுதலாம். 2025 பிப்ரவரியில் வந்த மலிவு விலைக் கடையான முதல்வர் மருந்தகம் நடத்த விண்ணப்பிக்கவும் பி.பார்மோ (ஃபார்மசி பட்டம்) டி.பார்மோ முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் முடித்த ஒருவரின் ஒப்புதல் வேண்டும். என் தம்பி சயின்ஸ் குரூப். அவனை நான்தான் பிடிவாதமாக டி.பார்ம் சேர்த்தேன். போன வருடம் பதிவும் முடிந்தது.

நான் காமர்ஸ் குரூப். எனக்கு டி.பார்ம் கதவு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கும், பத்தாவதோடு நின்றவர்களுக்கும் இந்த ஒரு வருடம் நிச்சயம் பயன்படும். சேரும் முன் கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள். பாடம் எடுப்பவர் மருத்துவமனையிலோ கடையிலோ வேலை பார்த்தவரா? பயிற்சிக்கு எந்த இடத்துக்கு, எத்தனை மாதம் அனுப்புவார்கள்? முடித்து வேலை தேடும்போது சம்பளம் பேசுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் இன்னொன்று கேளுங்கள்: மருந்தாளுநர் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிவரை இருப்பார்?