கைமாற்றா, பிணைக் கையெழுத்தா?

பக்கத்து வீட்டு அக்கா அவசரத்துக்குக் காசு கேட்டால் இலங்கையின் வன்னியில் பெரும்பாலும் இரண்டு வழிதான்: கையில் உள்ளதைக் கைமாற்றாகக் கொடுப்பது, இல்லாவிட்டால் அவ நிறுவனத்தில் எடுக்கிற சிறு கடனுக்கு, அதாவது நுண்கடனுக்கு, பிணை நிற்பது.

கையெழுத்து செலவில்லாத உதவி மாதிரித் தெரியும், அதனால் பலர் யோசிக்காமலே போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும். கிழமைக் கட்டுக்காசு அறவிட வந்தவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டால், நேற்றுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய பெண்கள் “உன்னாலதானே” என்று முகம் பார்க்காமல் போகிறார்கள். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. நிலைமை அவ்வளவு முற்றியிருந்தது.

கைமாற்றில் வட்டி இல்லை, மூன்றாம் ஆளும் இல்லை. திரும்பி வராமலும் போகலாம், உண்மைதான். அதனால் வராவிட்டாலும் உங்கள் வீட்டு உலை கொதிக்கிற அளவுக்குக் கொடுங்கள், காலபோக நெல் வெட்டினதும் தரட்டும் என்று தவணையையும் பேசிவிடுங்கள், அதுவரை கோயிலடியிலோ கடையிலோ அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

எனக்குக் கைமாற்றுத்தான் நேர்மையாகப் படுகிறது. பிணையில் நாம் வாக்குக் கொடுப்பது இன்னும் உழைக்காத காசை, அதுவும் வீட்டில் ஒருவரையும் கேட்காமல். சரி, கையெழுத்துத்தான் வேணும் என்றால், “வேற எங்கயும் கடன் எடுத்திருக்கிறீங்களா அக்கா?” என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.